உத்திரத்தில் தொங்கிய உடைமரம்

எங்கள் பக்கத்தில் ஊசியிலை மரம் கிடையாது. நாசரேத்திலிருந்து தெற்கே மெஞ்ஞானபுரம் பக்கம் போனால் குதிரைமொழித் தேரி தொடங்கிவிடும். செம்மணல், பனை, அதை விட்டால் உடை. கிறிஸ்மஸுக்கு மரம் வைக்க வேண்டுமென்றால் சவுக்குதான் வழி. கோயிலுக்கு மட்டும் மாட்டுவண்டியில் ஒரு முழுச் சவுக்கு வரும். வீட்டுக்குள் மரம் வைப்பதெல்லாம் சிலோனுக்கோ பம்பாய்க்கோ போய்ச் சம்பாதித்தவர்கள் வீட்டு வழக்கம். மற்றவர்கள் மூங்கில் பிளாச்சில் ஸ்டார் கட்டி, கலர்த்தாள் ஒட்டி, வாசல் வேம்பில் ஏற்றிவிட்டால் பண்டிகை வந்துவிட்டதாக அர்த்தம்.

1970களின் கடைசியில் ஒரு டிசம்பரில் அப்பா ஓர் உடைக்கிளையைக் கயிறு கட்டித் தெருவழியே இழுத்துக்கொண்டு வந்தார். ஆட்டுக்குக் குழை வெட்டுகிறவர் தறித்துப் போட்ட கிளை. தோளில் வைத்துத் தூக்க முடியாது, உடைமுள் அப்படி. விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று, ஜோடி ஜோடியாக நிற்கும். திண்ணையில் இருந்த ஆச்சி, "என்னய்யா, வேலி அடைக்கவா கொண்டாந்திருக்க?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. அவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பதில் தெரிந்த கேள்விக்கு மட்டும்தான் வாய் திறப்பார்.

உடைமரத்தின் தலை குடையாக விரிந்து தட்டையாக இருக்கும். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் வரும் மரத்துக்கு நேர் எதிர். கீழே அகன்று மேலே குறுக வேண்டியது, இதில் கீழே குறுகி மேலே அகன்று நின்றது. ஒரு பெயின்ட் டப்பாவில் தேரி மண்ணை நிரப்பிக் கிளையை நட்டுப் பார்த்தோம். எந்தப் பக்கம் திருப்பினாலும் சாய்ந்தது, நிமிர்த்தப் போனவர்கள் கையெல்லாம் கீறல். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அதத் தலைகீழாத் தொங்கவிட்டா என்னங்க?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அப்பா உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் பிள்ளையாய்க் கிடந்த தொட்டில் கொக்கி அங்கே சும்மா இருந்தது.

அடிக்கட்டை மேலே, குடை கீழே. கயிற்றை இழுத்துக் கட்டியதும் பார்த்தால் மரம் வாழ்த்து அட்டை மரமாகிவிட்டது: மேலே கூர், கீழே பரப்பு. மறுநாள் பால்காரரிலிருந்து உபதேசியார் வரைக்கும் வந்து பார்த்தார்கள். "என்ன சார்வாள், மரத்தத் தூக்குல போட்டுட்டிய!" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன வார்த்தை ஊர் முழுக்கச் சுற்றியது. வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்: போலந்து நாட்டுக் கிராமங்களில் முன்பு இதுதான் வழக்கமாம். முழு மரம் வைக்கும் வழக்கம் பரவுவதற்கு முன்பு, ஊசியிலை மரத்தின் உச்சிக்கிளையை வெட்டி உத்திரத்தில் தலைகீழாகக் கட்டி, ஆப்பிளும் கொட்டைகளும் வைக்கோல் நட்சத்திரங்களும் தொங்கவிடுவார்களாம். அப்பா இருந்திருந்தால் அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்லியிருப்பார். அதற்குள் இரண்டு பேருமே போய்விட்டார்கள்.

உடைக்கிளையில் ஒரு சௌகரியம் இருந்தது. எதையும் நூல் போட்டுக் கட்ட வேண்டாம். குத்தினால் நிற்கும். வெட்டிய கிளையில் இலை சீக்கிரமே உதிர்ந்துவிடும். நுணுக்கமான இலை, கூட்டிக் கூட்டி அம்மாவுக்கு அலுத்துப்போகும். மிஞ்சுவது வெள்ளை முள்ளும் சாம்பல் நிறக் குச்சியும். அதில் முதலில் குத்தியது சோளப்பொரி, ஒரு முள்ளுக்கு ஒரு பொரி. அடுத்து கோவைப்பழம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேலியெல்லாம் கோவைக்கொடி படர்ந்து, மார்கழியில் பழம் குங்குமச் சிவப்பாகத் தொங்கும். வெள்ளைப் பொரிக்கு நடுவே அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டும். எந்தக் கடையிலும் அந்த நிறத்தில் பந்து வாங்க முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரே குறை, குத்திய பழம் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. சாறு வடிந்து வதங்கிவிடும். காலையில் எழுந்து பழம் பறித்து மாற்றுவது எங்கள் பொறுப்பு. பழையதை முற்றத்தில் போட்டால் அணில் பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் அணில் முற்றத்தோடு நிற்காமல் உத்திரத்துக்கே வந்துவிட்டது.

குன்றிமணியையும் கோத்துப் போடலாமே என்று நான் கேட்டதற்கு ஆச்சி கையை ஓங்கிவிட்டாள். "ஏட்டி, அது விஷம். கைப்பிள்ள எடுத்து வாயில போட்டுக்கிட்டா யாரு பதில் சொல்லுதது?" அவள் சொன்னது சரி. குன்றிமணி பார்க்கத்தான் அழகு. ஓட்டை போட்டாலோ கடித்தாலோ உள்ளே இருப்பது கடும் நஞ்சு.

அடுத்து வந்த வருஷங்களில் ஆச்சியே மரத்துக்கு வேலை செய்ய ஆரம்பித்தாள். அவளை உள்ளே இழுத்தது அச்சு முறுக்கு. எங்கள் ஊரில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் இல்லாத கிறிஸ்மஸ் இல்லை. அச்சு முறுக்கு பூ வடிவத்தில், நடுவில் ஓட்டைகளோடு, முள்ளில் மாட்டுவதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். மாட்டினோம். ஆச்சி பார்த்துவிட்டு, "திங்குத பண்டத்த இப்படியா தூசியில தொங்கவிடுவாக?" என்று ஒரு மூச்சு ஏசினாள். ஏசி முடித்தவள் பின்கட்டுக்குப் போய்க் குருத்தோலை எடுத்து வந்தாள். பெருவிரல் நகத்தால் ஓலையைக் கிழித்து, ஈர்க்கை நீக்கி, கண்மூடித் திறப்பதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு கொட்டான் முடைந்தாள். மூடியோடு. அதற்குள் முறுக்கை வைத்து முள்ளில் மாட்டச் சொன்னாள்.

கிறிஸ்மஸ் வருவதற்குள் மரம் முழுக்கக் கொட்டான்கள். சாயப்பொடியைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து ஓலையை முக்கி எடுத்தால் ரோஸ், பச்சை, ஊதா என்று மூன்று நிறம் கிடைக்கும். சாயம் ஏறாத ஓலையின் இளமஞ்சள் நான்காவது நிறம். எனக்கு நான்காவதுதான் பிடிக்கும். ஆச்சி கிளி செய்வாள், மீன் செய்வாள், உள்ளே நாலு கல்லைப் போட்டுக் கிலுகிலுப்பை செய்வாள். காற்றடித்தால் மரம் கிலுகிலுவென்று சத்தம் போடும். இப்போது மணப்பாட்டுப் பெண்கள் முடையும் ஓலைப் பொருட்களைக் கைவினைப் பொருள் கண்காட்சிகளில் பார்க்கிறேன்; அழகான வேலைப்பாடு. ஆச்சியின் காலத்தில் அது கைவினை என்று யாரும் சொன்னதில்லை. கருப்பட்டி வைக்கவும் நெல் அளக்கவும் வேண்டும், அதனால் எல்லாருக்கும் தெரியும்.

ராத்திரி கேரல் பாடிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு மரத்திலிருந்தே ஆளுக்கொரு கொட்டானைக் கழற்றிக் கொடுப்போம். அவர்கள் போன பிறகு மரம் பாதி மொட்டையாக நிற்கும். ஆச்சி அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். நான் அழுதிருக்கிறேன்.

எறும்பைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். சாப்பாட்டு அலமாரி என்றால் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்துவிடலாம். இது உத்திரத்தில் தொங்குகிறது; எறும்பு ஓட்டு வழியாக இறங்கி வந்தது. கயிற்றின் நடுவில் வேப்பெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டினார் அப்பா. எறும்பு நின்றது, வீடு முழுக்க வேப்பெண்ணெய் வாடை. எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் வாசனை அதுதான். முந்திரிக்கொத்தின் ஏலக்காய் மணமெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் மரத்தின் மேல் எனக்குப் பெருமை வந்தது பனங்கொட்டைக் கிறிஸ்மஸ் தாத்தாவினால். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். சுட்டும் அவித்தும் தின்றபிறகு கொட்டையைச் சப்பிச் சப்பி நாரை வெளுக்க வைப்போம். சப்பியது போதாதென்று கிணற்றடியில் சாம்பல் போட்டுத் தேய்த்து அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். காய்ந்த நாரை மரச்சீப்பால் சீவினால் பொன்னிறத் தாடி தயார். ஒரு பக்கத்து நாரை மட்டும் மழித்து அங்கே கண்ணும் மூக்கும் எழுத வேண்டும். கண்ணுக்கு அடுப்புக்கரி, உதட்டுக்குச் செம்மண் குழம்பு. தலைக்குத் தையல்காரரிடம் கெஞ்சி வாங்கிய சிவப்புத் துணி. முதல் வருஷம் செய்த தாத்தா முகம் கோணி, கோபக்காரராக இருந்தார். அப்பா அதைத் தலைமையாசிரியர் என்று பெயர் வைத்துத் தனியாக ஒரு கிளையில் மாட்டினார். பனங்கொட்டை கனம், முள் தாங்காது. கவட்டைக் கிளையில்தான் உட்கார வைக்க வேண்டும். அப்படி உட்கார்ந்த தாத்தாக்களை அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க முடியவில்லை. அறுப்புக்காரி ஒருத்தி, "கெழங்கு வரவேண்டிய கொட்டையக் கெடுத்துட்டிய" என்று அங்கலாய்த்ததைக் கேட்டு, பண்டிகை முடிந்ததும் ஆச்சி எல்லாரையும் தாடியோடு மண்ணில் புதைத்துவிட்டாள். சில தாத்தாக்கள் முளைத்தார்கள், கிழங்கு தின்றோம்.

வளையல் சங்கிலியைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. கண்ணாடி வளையல் உடைந்தால் துண்டுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்போம். எங்கள் வீட்டு வளையல், பக்கத்து வீட்டு வளையல், பள்ளிக்கூடத்து நடைபாதையில் கிடந்தது எல்லாம் அதில் சேரும். டிசம்பரில் பாட்டிலைக் கவிழ்ப்போம். மெழுகுவத்தியை ஏற்றி, குறட்டால் ஒரு துண்டின் நுனியைப் பிடித்து, வளைவின் நடுப்பாகம் சுடரில் படும்படி காட்ட வேண்டும். முதலில் புகைக்கரி படியும். பொறுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கரிக்குள்ளே கண்ணாடி சிவந்து, எலும்பில்லாததுபோல் தளர்ந்து, தொங்கும் முனை தானாகக் கீழே வளையும். அந்த நொடியில் இன்னொரு குறட்டால் இரண்டு முனையையும் நெருக்கிவிட்டால் வளையம். மூடுவதற்கு முன் அடுத்த துண்டை உள்ளே நுழைத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் டப்பென்று வெடிக்கும். தானாக ஆற வேண்டும். ஆறியபின் கரியைச் சாம்பலால் துடைத்தால் பச்சையும் சிவப்பும் மயில்கழுத்து நீலமும் ஒன்றோடொன்று கோத்துக் கொண்டிருக்கும். ஒரு முழச் சங்கிலிக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். விரல் நுனியில் ஒரு கொப்புளமாவது இல்லாமல் எந்தச் சங்கிலியும் முடிந்ததில்லை. வெயில் ஓட்டுக்கண்ணாடி வழியே அதன்மேல் விழும் பத்து நிமிஷத்துக்காக அம்மா மத்தியானச் சோற்றைத் தள்ளிவைப்பாள்.

கடையில் விற்கும் பளபளப்பு உருண்டைகளுக்கும் மூதாதை கண்ணாடிதான். ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் லௌஷா என்றொரு கண்ணாடி ஊதும் ஊர். 1847 வாக்கில் அங்கே கண்ணாடியில் பழங்களும் கொட்டைகளும் ஊதி மரத்துக்கு மாட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு மரத்தில் தொங்கியது நிஜ ஆப்பிளும் நிஜ வாதுமையும். அவற்றை வாங்க வசதியில்லாத ஓர் ஏழைத் தொழிலாளி தனக்குத் தெரிந்த கண்ணாடியிலேயே செய்துகொண்டான் என்று அந்த ஊரில் கதை சொல்கிறார்கள். கதை உண்மையோ இல்லையோ, எனக்கு அதில் ஒரு திருப்தி. உலகம் முழுக்கக் கடைகளில் குவிந்திருக்கும் உருண்டை, ஒரு காலத்தில் ஒரு வீட்டு அடுப்பங்கரைச் சாமான். கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றியது. எங்கள் வளையல் சங்கிலிக்கு அது தூரத்துச் சொந்தம்.

தாள் வேலைக்குப் பெரிய மாமா. அவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருந்தார். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் அந்தக் கரிசல் ஊருக்கு வண்ண அச்சு வந்து சேர்ந்தது. லேபிள் வெட்டியபின் மிஞ்சும் ஓரத்தாள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மாமா ஒரு பை நிறையக் கொண்டுவருவார். பட்டையான ஜிகினாத் தாள், பாதி மயில், சிங்கத்தின் வால், ஏதோ நாள்காட்டி லட்சுமியின் ஒரு கை. கிறிஸ்மஸ் மரத்தில் லட்சுமியின் கை தொங்கலாமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. கையில் தாமரை இருந்ததால் அம்மா அதைப் பூ என்று தீர்ப்புச் சொல்லி மாட்டிவிட்டாள்.

பனி விஷயத்தில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மரம் என்றால் மேலே பஞ்சு ஒட்ட வேண்டும் என்பது அண்ணன் கட்சி. பனியே பெய்யாத ஊரில் எதற்கடா பஞ்சு என்பது அப்பா கட்சி. பெத்லகேமில் எப்போதாவதுதான் பனி விழும் என்று பூகோளம் பேசுவார். அண்ணன் பஞ்சை விட்டு உப்புக்குத் தாவினான். தூத்துக்குடிக்காரனுக்கு உப்புக்கா பஞ்சம்? கெட்டியான உப்புக்கரைசலில் குச்சிகளை ஊறவைத்துக் காயவைத்தால் வெள்ளையாகப் பூக்கும். பூத்தது. வாடைக்காற்று வீசிய ராத்திரி அத்தனையும் கசிந்து சொட்டி, தரையில் படுத்திருந்தவன் முகத்தில் விழுந்தது. உப்பளத்துக் கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று மறுநாள் காலையில் அம்மா பாடம் நடத்தினாள். அவள் ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுப்பவள்.

பாடத்தோடு விடாமல் நாட்டுமருந்துக் கடையில் படிகாரம் வாங்கிவரச் சொன்னாள். பனை ஈர்க்குகளை மடக்கி நட்சத்திரமாகக் கட்டி, பருத்தி நூலை வரிந்து சுற்றினோம். கொதிக்கிற தண்ணீரில் படிகாரத்தைக் கரையும் மட்டும் போட்டுக் கலக்கினாள். கொதிநீர் தாங்கும் அளவு படிகாரத்தை ஆறிய நீர் தாங்காது. மிச்சத்தை எங்கேயாவது இறக்கிவைத்தாக வேண்டும். நூலின் சொரசொரப்பு அதற்குத் தோது. நட்சத்திரம் பாத்திரத்தின் பக்கத்திலோ அடியிலோ தொடாதபடி குறுக்குக் குச்சியில் தொங்கவிட்டு, யாரும் ஆட்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் படுத்தாள். விடிந்து பார்த்தால் ஈர்க்கும் தெரியவில்லை, நூலும் தெரியவில்லை. கற்கண்டுப் பொடி பதித்தாற்போல முழு நட்சத்திரமும் பட்டை பட்டையாகப் பளிச்சென்று நின்றது. ஈரக் காற்றிலும் அது சொட்டவில்லை. அப்பாவே பனிக்கட்சிக்கு மாறினார்.

விளக்கு அத்தானின் இலாகா. அவர் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் எடிசனோடு வேலைபார்த்த எட்வர்ட் ஜான்சன் 1882இல் தன் நியூயார்க் வீட்டு மரத்துக்கு 80 மின்விளக்கு போட்டாராம், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று. அத்தானுக்கு அதில் பாதி போதும். 230 வோல்ட்டை 6 வோல்ட் பல்புகளுக்குப் பங்கு பிரித்தால் 38 சொச்சம். அவர் 40 பல்பை வரிசையாகப் பற்றவைத்தார். பல்புக்கெல்லாம் கலர்க் கண்ணாடித்தாள் சுற்றுவது எங்கள் வேலை. வரிசை இணைப்பில் ஒன்று அவிந்தால் அத்தனையும் இருட்டு. எது போனது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மினுக்மினுக்கென்று எரிய அத்தானிடம் ஒரு தந்திரம் இருந்தது: பழைய டியூப்லைட் ஸ்டார்ட்டரை நடுவில் சேர்த்துவிடுவார். உள்ளே இருக்கும் உலோகத் தகடு சூடேறினால் வளைந்து தொடும், ஆறினால் விலகும். விளக்கு அதற்கேற்ப எரிந்து எரிந்து அணையும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையால் முறுக்கிய வயர்மேல் ஒட்டுத்தாள்கூட இல்லை. ஈர ஓலை, முள், அணில், அதன் நடுவே 230 வோல்ட். அத்தானுக்கு ஒருமுறை ஷாக் அடித்து, ஏணியிலிருந்து ஆச்சியின் கட்டில்மேல் விழுந்தார். கட்டில் உடைந்தது. அந்த ஒரு வேலையை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

கோயில் மரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் எண் எழுதிய பரிசுப் பொட்டலங்கள் கட்டியிருப்பார்கள். யாருக்குப் பென்சில் பெட்டி, யாருக்குச் சோப்பு டப்பா என்பதில்தான் எல்லார் கண்ணும். பிறகொரு வருஷம் பட்டணத்திலிருந்து பொன்னிற உருண்டைகள் வந்தன. மரம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் பக்கத்தில் போய், இது யார் செய்தது என்று கேட்கவில்லை.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபின் என் வீட்டிலும் பிளாஸ்டிக் மரம்தான். பாரிமுனையில் வாங்கியது, மடித்துப் பரணில் போடலாம். அடுக்குமாடி வீட்டில் தொட்டில் கொக்கி இல்லை, உடைமுள்ளை லிஃப்ட்டில் ஏற்றவும் முடியாது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. கடை உருண்டைகளை மாட்டி முடித்தபிறகு எட்ட நின்று பார்த்தபோதுதான் ஏதோ உறுத்தியது. அது எந்த வீட்டு மரமாகவும் இருக்கலாம். துணிக்கடை வாசலில் நின்றதும் அதே மரம், பல் டாக்டர் வரவேற்பறையில் நின்றதும் அதே மரம். எங்கள் வீட்டில் அந்த வருஷம் என்ன நடந்தது, யார் வந்தார்கள், எதைத் தின்றோம் என்று அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

அந்த உறுத்தலைத் தீர்த்தவள் அம்மா. அப்பா போனபின் என்னோடு வந்து இருந்தாள். எண்பது வயதுக்குமேல் அவளுக்கு வேளாவேளைக்கு மாத்திரை. காலியான அட்டைகளைத் தூக்கியெறிய விடமாட்டாள்; ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துக்கொண்டே இருந்தாள். வயதானவர்களின் பழக்கம் என்று நான் கண்டுகொள்ளவில்லை. டிசம்பரில் டின்னைத் திறந்து, பேரப்பிள்ளைகளைக் கூட்டி உட்கார்ந்தாள். எந்த அட்டை எதற்காகும் என்பதில் அவளுக்குத் தெளிவு இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடியாகத் தெரியும் பிளாஸ்டிக் அட்டை வெட்டினால் சிலும்பும், அதைத் தள்ளிவைத்தாள். இரண்டு பக்கமும் அலுமினியமாக இருக்கும் அட்டைதான் படியும், மடியும், நன்றாக மின்னும். கிழிந்த பின்தாளை உரித்தெடுத்து, ஓரத்தை மடக்கி, மாத்திரை இருந்த குழிகளை அப்படியே விட்டு, ஐந்து துண்டைச் சேர்த்துத் தைத்தாள். நட்சத்திரம். குழி ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி வெளிச்சம். கேப்ஸ்யூல் அட்டையில் குழி நீளம், அதனால் அது வால்நட்சத்திரத்துக்கு.

"ஆச்சி, இது என்ன ஸ்டார்?" என்று பேத்தி கேட்டாள்.

"அது பிரஷர் ஸ்டார்ட்டி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அந்தா தொங்குதுல்லா, அது சுகர். உச்சியில இருக்கது உங்க தாத்தா கடைசியாச் சாப்பிட்ட மாத்திர. ஊர்ல இருந்து வரும்போது எடுத்தாந்தேன்."

பார்க்க வந்தவர்களில் சிலருக்கு முகம் சுருங்கியது. பண்டிகை மரத்தில் நோயை மாட்டலாமா என்று ஓர் அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வருஷம் முழுக்க அந்த வீட்டில் ஒருவரை நடமாட வைத்தது அந்த அட்டைகள். மரத்தில் ஏற அதைவிடத் தகுதி வேறு எதற்கு இருக்கிறது?

அதன்பிறகு எங்கள் பிளாஸ்டிக் மரம் கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிவிட்டது. வருஷம் முழுக்க வந்துசேரும் கல்யாணப் பத்திரிகைகளில் பொன் அச்சுள்ள பகுதியை மட்டும் வெட்டி மணிகளாக மடிக்கிறோம். யார் கல்யாணம் என்று பின்பக்கம் எழுதியிருக்கும். கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகைக்கரை மாலையாகச் சுற்றியிருக்கிறது. மகன் சின்ன வயதில் இழந்த பால்பற்களைப் பஞ்சு வைத்த தீப்பெட்டியில் போட்டு மருமகள் ஒருமுறை மாட்டினாள். அது எனக்கே கொஞ்சம் அதிகமாகப்பட்டது, எடுத்துவிட்டேன். ஓலைக்கொட்டானை ஊரிலிருந்து வரவழைக்கிறோம். உள்ளே அச்சு முறுக்கு உண்டு. வருகிற பிள்ளைகளுக்கு மரத்திலிருந்து கழற்றித்தான் கொடுக்கிறோம்.

இந்த வருஷம் மரம் வைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். மாத்திரை அட்டையின் ஓரம் கையை அறுக்கும். மடக்கித் தைத்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒரு குழியிலும் மாத்திரை மிச்சமில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். படிகாரக் கரைசல் ஆறும்வரை பாத்திரத்தை ஆட்டாதீர்கள். முறுக்கைக் கடைசி நாளில் மாட்டுங்கள். விளக்கை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் தர முத்திரை பார்த்து.